முதல் மலையும் தனி வழியும்

கடல் கடந்த நாடுகளில் கல்வி பயிலும் பிள்ளைகளும், செவிலியராகப் பணியாற்றும் பிள்ளைகளும் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் உளர். பிரிட்டனில் வாழும் இவர்களுள் ஒருவர், ஒருநாள் தொலைபேசியில் தம் பெற்றோரிடம், "வரும் சனிக்கிழமை ஒரு மலை ஏறப் போகிறேன்" என்கிறார் என வைத்துக்கொள்வோம். "யாருடன்?" என்பதே இங்கிருந்து எழும் முதற் கேள்வி. "தனியாகத்தான்" என்று மறுமொழி வந்ததும் தாயின் நெஞ்சு பதறுகிறது. "வேண்டாத வேலை" என்று தந்தை கடிந்துகொள்கிறார். இதனால் மகனோ மகளோ மலைக்குப் போவதை நிறுத்திவிடுவதில்லை. அடுத்த முறை வீட்டில் சொல்லாமல் போகின்றனர். ஆபத்து பிறப்பது அங்கேதான்.

தனியே ஒரு மலை ஏறுவது தவறன்று. தக்க மலையைத் தேர்ந்து, தக்க ஆயத்தத்தோடு ஏறினால் அது இளையோருக்கு நல்லதொரு பயிற்சி. ஆனால் எவரிடமும் சொல்லாமல் ஏறுவது பெருந்தவறு. இதனையே இக்கட்டுரையில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒருசேர எடுத்துரைக்க விழைகிறோம்.

நம் மலையும் அவர்கள் மலையும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் யானையும் கரடியும் காட்டெருமையும் உலவுகின்றன. கோடையில் காய்ந்து நிற்கும் புல் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததை நாம் மறந்துவிடவில்லை. அதன் பின்னரே தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024-ஆம் ஆண்டில் வனத்துறையினர் 40 நடைவழிகளைத் தேர்ந்து, முன்பதிவும் வழிகாட்டியும் உள்ள திட்டமாக அவற்றைத் திறந்தனர். ஆதலின் நம் காட்டு மலைகளில் அனுமதியின்றித் தனியே புகுவது சட்டத்துக்கும் அறிவுக்கும் ஒவ்வாத செயலாகும்.

பிரிட்டனின் மலைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. மனிதரை வேட்டையாடும் விலங்கு எதுவும் அங்கில்லை. மலைமேல் அடர்காடும் அரிது. ஆடு மேயும் புல்வெளியும் பாறையுமே எங்கும் காணப்படும். தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்து தேய்ந்த பொதுவழிகள் உச்சிவரை செல்கின்றன. உயரமும் நம் கண்ணுக்குச் சிறிதே. வேல்ஸ் நாட்டின் மிக உயர்ந்த சிகரம் 1,085 மீட்டர். நம் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர். அங்கே நடப்போருக்குப் பகையாவன மூடுபனி, காற்று, குளிர், இருட்டு ஆகிய நான்கே. இந்நான்கையும் புறப்படுமுன்னரே ஓரளவு கணிக்க இயலும். எனவேதான் தனியே மலை நடப்பது அந்நாட்டில் ஆண் பெண் இருபாலாரிடமும் இயல்பான வழக்கமாக விளங்குகிறது.

சிறு குன்றில் தொடங்குக

முதன்முறை தனியே செல்பவர் பெரும்புகழ் பெற்ற சிகரத்தை நாடாமல், சிறு குன்று ஒன்றில் தொடங்குவதே முறை. இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் எனப்படும் பகுதி உளது. அங்கே கெஸ்விக் என்னும் சிற்றூரை அடுத்து, டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் கேட்பெல்ஸ் என்னும் குன்று நிற்கிறது. அதன் உயரம் 451 மீட்டர். ஏரியில் படகேறிச் சென்று இறங்கினால், அங்கிருந்தே ஏறத் தொடங்கலாம். ஏறி இறங்க அரை நாள் போதுமானது. நல்ல வானிலை உள்ள விடுமுறை நாள்களில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் பல அவ்வழியே ஏறுகின்றன. தனியே சென்றாலும் அங்கே தனிமைப்பட மாட்டோம்.

எனினும் அச்சிறு குன்றும் ஒரு பாடம் கற்பிக்கத் தவறுவதில்லை. உச்சியை நெருங்கும்போது ஓரிரு இடங்களில் பாறையைக் கையால் பற்றி ஏற வேண்டியிருக்கும். ஏறும்போது கண்ணெதிரே பாறை இருப்பதால் அச்சம் தோன்றாது. அதே பாறையில் இறங்கும்போது கால் வைக்கும் இடம் கண்ணுக்குப் புலப்படாது. மழை பெய்திருந்தால் வழுக்கவும் செய்யும். "ஏறிய இடத்தில் என்னால் இறங்க முடியுமா?" என்று ஒவ்வொரு பாறையின் முன்னும் தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை இக்குன்றிலேயே பெற்றுவிட வேண்டும். உடன் ஒருவர் இருந்தால் கை கொடுப்பார். தனியே செல்பவருக்கு அந்தக் கை கிடையாது.

வேல்ஸ் நாட்டின் உச்சி

இரண்டாம் படியாகப் பலரும் தேர்வது அர் வித்வா என்னும் சிகரம். ஸ்னோடன் என்று ஆங்கிலேயர் அழைத்து வந்த மலை இதுவே. அதன் வேல்ஸ் மொழிப் பெயரையே இனி வழங்குவதென்று அங்குள்ள தேசியப் பூங்கா ஆணையம் 2022-இல் முடிவு செய்தது. உச்சிக்குச் செல்ல முதன்மையான வழிகள் ஆறு உள்ளன. அவற்றுள் லான்பெரிஸ் ஊரிலிருந்து செல்லும் வழியே மிக நீண்டதும் சரிவு குறைந்ததுமாகும். 1896-இல் அமைக்கப்பட்ட மலை இரயில் பாதையை ஒட்டியே அது செல்கிறது. போக வர ஏறத்தாழ 14.5 கிலோமீட்டர் தொலைவு; ஏற்றம் ஏறத்தாழ 975 மீட்டர்.

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஓர் எளிய கணக்கை வகுத்தளித்தார். இக்கால அளவைகளில் சொல்வதானால், 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரமும், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரமும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உச்சிவரை 7.25 கிலோமீட்டர் நடக்க ஒன்றரை மணி. 975 மீட்டர் ஏற ஒரு மணி நாற்பது நிமிடம். ஆக மூன்று மணிக்குச் சற்றே மேல். இறங்குவதற்கு இரண்டு மணிக்கு மேலாகும். உணவுக்கும் இளைப்பாறவும் சிறிது நேரம் சேர்த்தால் ஆறு மணி நேரம் என்றாகிறது. பழக்கமில்லாதவர் இன்னும் ஒரு மணி கூட்டிக்கொள்வதே விவேகம்.

இக்கணக்கு ஏன் இன்றியமையாதது? அந்நாட்டில் பகலின் நீளம் மாதத்துக்கு மாதம் பெரிதும் மாறுகிறது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணி கடந்தும் கதிரவன் மறைவதில்லை. டிசம்பரிலோ மாலை நான்கு மணியளவில் மறைந்துவிடுகிறான். ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே அந்தி காணும் நம் நாட்டிலிருந்து சென்றவர்கள் இதனை எளிதில் மறந்துவிடுவர். ஜூலையில் பிற்பகலில் புறப்பட்டுப் பகல் வெளிச்சத்திலேயே திரும்பிய நண்பரின் சொல்லை நம்பி, நவம்பரில் அதே நேரத்தில் புறப்படுபவரை இருட்டு பாதி வழியிலேயே சூழ்ந்துகொள்ளும்.

'எளிய வழி' என்னும் சொல்

எளிய வழி என்பது கோடைக்காலத்தின் நல்ல நாளுக்கு மட்டுமே பொருந்தும் சொல்லாகும். லான்பெரிஸ் வழியின் மேற்பகுதியில் க்ளோக்வின் கோச் என்றோர் இடம் உண்டு. கோடையில் குழந்தையும் நடந்து செல்லும் இடம் அது. குளிர்காலத்தில் உறைபனி பாதையையும் தண்டவாளத்தையும் ஒருசேர மூடி, முழுவதையும் கண்ணாடி போன்ற ஒரே சரிவாக ஆக்கிவிடும். அச்சரிவோ கீழே செல்லச் செல்லச் செங்குத்தாகிப் பாறை விளிம்பில் முடிகிறது. வழுக்கியவர் நின்றுகொள்ள ஏதுமில்லை. அவ்விடத்தில் மாண்டோர் பலர். பனிக்கோடரியும் காலணியில் பூட்டும் இரும்பு முட்களும் வைத்திருந்து, அவற்றைப் பயன்படுத்தவும் கற்றவர்க்கே குளிர்காலத்தில் அம்மலை உரியது. முதன்முறை செல்பவர் மே முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களைத் தேர்வதே நலம்.

இன்னொரு வகை இடர் வழி தவறுவதால் நேர்வது. பிக் வழி எனப்படும் மற்றொரு பாதையில் சிறிது தொலைவு ஏறியதும் ஒரு கணவாய் வரும். அங்கிருந்து க்ரிப் கோச் என்னும் மலைமுகட்டுக்கு ஒரு கிளைவழி பிரிகிறது. இருபுறமும் பள்ளம் விழ, கத்தி முனை போல் நீண்டு கிடக்கும் முகடு அது, கைதேர்ந்தவர்க்கே ஏற்றது. முன்னே செல்வோர் சரியான வழியில்தான் செல்கின்றனர் என்று எண்ணி அவர்களைத் தொடர்ந்து, அம்முகட்டின் நடுவே அகப்பட்டு, முன்னும் போக இயலாமல் பின்னும் வர இயலாமல் மீட்புக் குழுவினரை அழைத்தவர்கள் உண்டு. முன்னே நடப்பவரின் முதுகு நமக்கு வழிகாட்டி ஆகாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் முதுமொழி ஆற்றுக்கு மட்டுமன்றி மலைக்கும் பொருந்துவதே.

இறங்கும்போதும் கவனம் வேண்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே புல்க் க்ளாஸ் என்னும் இடத்தில் வழிகள் பிரிகின்றன. பிக் வழி இறங்கத் தொடங்கும் இடத்தில் அடையாளமாக ஒரு கல் நாட்டப்பட்டுளது. மூடுபனியில் அதனைக் கவனியாமல் வேறு வழியில் இறங்கினால், புறப்பட்ட ஊருக்கு மாறாக மலையின் மறுபக்கம் சேர்ந்துவிட நேரும்.

பையில் இருக்க வேண்டியவை

புதிதாக அந்நாடு சென்ற நம் பிள்ளைகள் பருத்திச் சட்டையும் ஜீன்சும் துணிக் காலணியும் அணிந்து மலைக்குப் புறப்படுவது வழக்கம். பருத்தி நம் வெயிலுக்கு உகந்தது. அங்கே மழையில் நனைந்தால் எளிதில் உலராது, உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. ஊரில் 15 பாகை என்றால் உச்சியில் 8 அல்லது 9 பாகையே இருக்கும். காற்றும் வீசினால் உடல் உணரும் குளிர் இதனினும் மிகுதி. ஆதலின் கம்பளி ஆடை, நீர் புகாத மேற்சட்டையும் காற்சட்டையும், குல்லாய், கையுறை ஆகியன கோடையிலும் பையில் இருத்தல் வேண்டும். கணுக்காலைத் தாங்கும் பிடிப்புள்ள காலணி, போதிய தண்ணீர், வழக்கத்தினும் கூடுதலான உணவு, தலையில் மாட்டும் விளக்கு, சிறு மருந்துப் பொதி, ஒரு விசில் ஆகியன மற்றவை.

நிலப்படமும் திசைகாட்டியும் தனித்துச் சொல்லத் தக்கவை. கைப்பேசியில் படம் இருக்கிறதே என்று பலர் எண்ணுகின்றனர். குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீரும். மழையில் திரை கைக்குப் பணியாது. நடப்போருக்கென அச்சிடப்படும் நிலப்படத்தில் 4 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மென்சரிவு என்று அறியலாம். இதனை வீட்டு மேசையிலேயே ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ள முடியும்.

கற்பதன் அருமையை அறிய, பிரிட்டன் முழுவதிலும் உயரமான பென் நெவிஸ் சிகரத்தை நோக்கினால் போதும். அதன் உயரம் 1,345 மீட்டர். அகன்ற அதன் உச்சியை மூடுபனி சூழும்போது, இறங்கும் வழி எதுவெனக் கண்ணால் காண இயலாது. இருமருங்கிலும் பெரும் பள்ளங்கள். நிலப்படக் கணக்கில் 231 பாகைத் திசையில் 150 மீட்டர் நடந்து, பின்னர் 282 பாகைத் திசைக்குத் திரும்ப வேண்டும் என்று அங்கு மலையேறுவோர்க்குச் சொல்லப்படுகிறது. எண்ணித் தப்பாமல் நடந்தால் உயிர் பிழைக்கும் என்பது இதன் பொருள். திசைகாட்டியைப் பயன்படுத்தத் தெரியாதவர் அச்சிகரத்தைத் தம் முதல் மலையாகக் கொள்ளலாகாது.

திரும்புதலும் வீரமே

இளையோர்க்கு மிகக் கடினமானது உச்சிக்கு அரை மணி தொலைவில் நின்று, "இன்று போதும்" என்று திரும்புவதுதான். தொலைதூரம் பயணம் செய்து வந்தோமே, நண்பர்கள் கேட்பார்களே என்னும் எண்ணங்கள் முன்னே தள்ளும். கூட்டமாகச் சென்றால் எவராவது ஒருவர் தடுத்துரைப்பார். தனியே சென்றவர் தமக்குத் தாமே அந்த நண்பராக வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு. இத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிடில் எங்கு நின்றாலும் திரும்பிவிடுவேன் என்று வீட்டிலேயே முடிவு செய்து, எழுதியும் வைத்துக்கொள்ள வேண்டும். களைப்பிலும் ஆவலிலும் எடுக்கும் முடிவைக் காட்டிலும், அமைதியான நேரத்தில் எடுத்த முடிவே மேலானது.

பின்னாளில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஆன அருட்திரு அக்கில்லே ராத்தி, மிலான் நகர நூலகம் ஒன்றில் பணியாற்றிய காலத்தில் தேர்ந்த மலையேறியாக விளங்கினார். 1889-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஆல்ப்ஸ் மலையின் மோந்தே ரோசாவை, மிகக் கடினமான கிழக்குப் பக்கமாக அவர் ஏறினார். ஒரு நண்பரும் வழிகாட்டிகள் இருவரும் உடனிருந்தனர். உச்சியை ஒட்டிய பாறைகளில் இரவு சூழ்ந்தது. இருளில் நடக்கத் துணியாமல், கடுங்குளிரில் ஒரு குறுகிய பாறைத் திட்டில் உறங்காமல் காத்திருந்து, விடிந்த பின்னரே அவர்கள் மேற்சென்றனர். மலையேறுவோரின் பாதுகாவலராக மென்தோன் நகர்ப் புனித பெர்நார்துவை 1923-இல் அறிவித்தவரும் அவரே. அவர் தனியே ஏறியவரல்லர். அவர் ஏறிய மலையும் நம் பிள்ளைகளுக்கு உரியதன்று. எனினும் மலையில் பொறுமையே துணிவின் பெரும்பகுதி என்பதற்கு அவ்விரவு நல்ல சான்று.

வீட்டாரின் பங்கு

இனிப் பெற்றோர்க்கு வருவோம். "ஏன் போகிறாய்?" என்னும் கேள்வியை விடுத்து, நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எந்த மலை? ஏறுவது எவ்வழி, இறங்குவது எவ்வழி? கீழே வந்து சேர்வது எத்தனை மணிக்கு? வராவிட்டால் அங்கே யார் தேடுவார்?

நான்காம் கேள்வியே மிக முக்கியமானது. கோடையில் அந்நாட்டு நேரம் நமக்கு நாலரை மணி பின்தங்கியது. குளிர்காலத்தில் ஐந்தரை மணி. மகள் மாலை ஐந்து மணிக்குக் கீழே வந்துவிடுவேன் என்றால், இங்கே அது இரவு ஒன்பதரை. அப்போது செய்தி வராவிடில் நாம் இங்கிருந்து என் செய்ய இயலும்? அந்நாட்டின் அவசர எண்ணாகிய 999-ஐ நம் ஊரிலிருந்து அழைத்துப் பயனில்லை. எனவே உடன் தங்கியிருக்கும் தோழியோ, வீட்டு உரிமையாளரோ, உடன் பணிபுரிபவரோ ஒருவர் அங்கேயே இச்செய்தியை அறிந்திருத்தல் வேண்டும். குறித்த நேரம் கடந்தும் ஆள் திரும்பவில்லை, கைப்பேசியிலும் கிடைக்கவில்லை என்றால், அவர் 999-ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் அவர்கள் வழியாக மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அவரது பெயரையும் எண்ணையும் பெற்றோர் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மலை மீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். தம் வேலையையும் உறக்கத்தையும் விட்டு, மழையிலும் இருளிலும் முன்பின் அறியாதவரைத் தேடி ஏறுகின்றனர், கட்டணம் கேட்பதில்லை. எவ்வழி சென்றார் என்று தெரிந்தால் அவர்கள் ஒரு பாதையில் தேடினால் போதும். தெரியாவிடில் ஒரு மலை முழுவதும் தேட வேண்டும். நாம் விட்டுச் செல்லும் ஒரு வரிச் செய்தி அத்தொண்டர்களுக்கும் செய்யும் உதவியாகும். மலையில் துன்புறுபவர் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். இருளில் விளக்கையும் அவ்வாறே ஒளிரச் செய்யலாம். உதவி கேட்கும் குரல் இது என்று மலையறிந்தோர் எவரும் உணர்ந்துகொள்வர்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வீட்டாரிடம் சொன்னால் தடுப்பார்கள் என்று அஞ்சாதீர்கள். மலையின் பெயர், வழி, நேரம், தோழரின் எண் ஆகிய நான்கையும் நீங்களே முந்திக்கொண்டு சொன்னால், உங்கள் ஆயத்தம் கண்டே பெற்றோரின் அச்சம் பாதி தணிந்துவிடும். சொன்ன வழியை இடையில் மாற்றினால் அதனையும் தெரிவியுங்கள். கீழே வந்ததும் உணவுக்கு அமரும் முன் ஒரு செய்தி அனுப்புங்கள். அதற்காக இங்கே விளக்கணைக்காமல் காத்திருப்பவர் உண்டு.

தனியே ஒரு மலை ஏறியவர் பல நன்மைகளைப் பெறுகிறார். தம் நடையின் வேகத்தை அறிகிறார். வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கற்கிறார். அடுத்தவர் சொல்லுக்காகவோ நாணத்துக்காகவோ அன்றி, உள்ளதை உள்ளபடி எடைபோட்டு, வேண்டியபோது திரும்பவும் பழகுகிறார். அயல்நாட்டில் தனித்து வாழ வேண்டிய பிள்ளைக்கு இப்பயிற்சி மலையோடு முடிந்துவிடுவதன்று. ஆகவே பெற்றோரே, அடுத்த முறை பிள்ளை மலைக்குப் போவதாகச் சொன்னால், கடிகாரத்தையும் ஒரு தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு அமைதியாகக் கேளுங்கள். கேட்கும் வீட்டுக்குத்தான் பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போவார்கள்.